வாஷ்டி பன்யனின் மறுவெளியீடும் உங்கள் ஆல்பமும்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு வரலாற்றுக் கேள்வி. 1970-ல் வெளிவந்து கேட்பாரற்றுப் போன, ஆங்கிலப் பாடகி வாஷ்டி பன்யனின் 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே' ஆல்பம், 2000-ல் மறுவெளியீடு ஆனதும் எப்படி இவ்வளவு கொண்டாடப்பட்டது? அன்றைய ரசிகர்களுக்குக் காது இல்லையா, அல்லது அவர் குதிரை வண்டியில் பயணம் போன கதையைக் காட்டி விற்றுவிட்டார்களா? இதுதான் கேள்வி. ஆனால் கடைசி இரண்டு வரிகளில் உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 8 ஆண்டுகளுக்கு முன் நீங்களே எழுதி, இசையமைத்து, பாடி, சொந்தச் செலவில் வெளியிட்ட தமிழ் ஆல்பத்தை 200 பேர்கூடக் கேட்கவில்லை என்றும், அதைத் திரும்ப வெளியிடலாமா என்று யோசிப்பதாகவும் சொல்கிறீர்கள். உங்கள் மனத்தில் இருப்பது இந்தக் கேள்விதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பன்யனுக்கு என்ன நடந்தது என்பதைப் பிழையாகப் புரிந்துகொண்டால் உங்கள் ஆல்பத்தைப் பற்றியும் பிழையான முடிவுக்கே வருவீர்கள்.

பழைய ஸ்பூல் டேப்புகளையும் இசைத்தட்டுகளையும் டிஜிட்டலுக்கு மாற்றுவதும், வெளியீட்டுக்கு முன்னால் மாஸ்டரிங், அதாவது ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை, செய்து கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். ஆகவே ஒலியைப் பற்றிச் சொல்வதைத் தொழில்காரனாகச் சொல்கிறேன். ரசனையைப் பற்றிச் சொல்வது வெறும் ரசிகனின் கருத்து. பத்திரிகைக் கட்டுரைகள் பன்யனின் கதையை ஒரு தேவதைக் கதைபோலச் சுருக்கிவிடுவதால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் 1945-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் படித்தபோது, வகுப்புக்குப் போகாமல் பாட்டெழுதிக்கொண்டிருந்ததால் வெளியேற்றப்பட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம் அவரைப் பாடவைத்தார். 1965-ல் டெக்கா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் சிங்கிள் இசைத்தட்டின் முதன்மைப் பாட்டை எழுதியவர்கள் ஸ்டோன்ஸ் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும். அது ஓடவில்லை. 1966-ல் 'ட்ரெயின் சாங்' வந்தது. அதுவும் ஓடவில்லை. பிறகு பதிவு செய்த சில பாடல்கள் அன்று வெளியாகவே இல்லை. எனவே அவரைக் கிராமத்தில் யாரோ கண்டெடுத்த அப்பாவிப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் பாப் உலகத்தை உள்ளே நின்று பார்த்து, மனம் கசந்து வெளியே வந்தவர் அவர். 1968-ல் நண்பர் ராபர்ட் லூயிஸுடன் குதிரை வண்டியில் ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். பாடகர் டோனவன் ஸ்கை தீவில் கலைஞர்களுக்காக ஒரு கூட்டுக் குடியிருப்பு அமைப்பதாக இருந்தது. அங்கே போய்ச் சேர ஒன்றரை ஆண்டு பிடித்தது. வண்டி இழுத்த குதிரையின் பெயர் பெஸ். ஆல்பத்தில் உள்ள பெரும்பாலான பாடல்கள் அந்த வழியில் எழுதப்பட்டவை. பெஸ்ஸுக்கே ஒரு பாட்டு உண்டு.

இனி அந்த ஆல்பம் ஏன் மூழ்கியது என்று பார்ப்போம். 1969-ன் இறுதியில், லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. தயாரித்தவர் ஜோ பாய்ட். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் ஸ்வார்பிரிக், சைமன் நிகோல், இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சன் ஆகியோர் வாசித்தார்கள். ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் பாடல்களுக்கு வயலின் கோவைகள் எழுதிய ராபர்ட் கிர்பி இதிலும் சில பாடல்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஆங்கில நாட்டார் இசையில் அன்று இதைவிடச் சிறந்த கைகள் கிடைத்திருக்காது. ஆனால் பதிவான ஆல்பம் கடைக்கு வர ஓராண்டு ஆயிற்று. பிலிப்ஸ் நிறுவனம் 1970 டிசம்பரில்தான் வெளியிட்டது. ஜோ பாய்ட் தம் நிறுவனத்தை ஐலண்ட் என்ற இசை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அமெரிக்காவுக்குப் போனதும் அந்தக் கட்டத்தில்தான். பாடகியோ லண்டனை விட்டு எப்போதோ போய்விட்டார். அவர் மேடை ஏறிப் பாடவில்லை. ஊர் ஊராகக் கச்சேரி செய்து தட்டை விற்க ஆள் இல்லை. தயாரிப்பாளர் ஊரில் இல்லை, பாடகி ஊரில் இல்லை, வெளியிட்ட நிறுவனத்துக்கோ அந்த மாதம் வெளியான பல தட்டுகளில் அதுவும் ஒன்று. சில நூறு பிரதிகளே விற்றதாகச் சொல்வார்கள். சரியான எண்ணிக்கை எதுவானாலும், கடையில் அது தென்படவே இல்லை என்பது நிச்சயம். பன்யன் அதோடு இசையை விட்டார். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடிக்காட்டியதில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, அன்றைய ரசிகர்கள் கேட்டுப் பார்த்து ஒதுக்கினார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்கவே இல்லை. "காலத்துக்கு முந்திய படைப்பு" என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அதே 1970-ல் வெளியான இன்னோர் ஆல்பம் சாட்சி. டெட்ராய்ட்டைச் சேர்ந்த பாடகர் ரொட்ரிகஸின் 'கோல்ட் ஃபேக்ட்' அமெரிக்காவில் சுத்தமாக விற்கவில்லை. அதே தட்டு, அதே எழுபதுகளில், தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களின் வீடுதோறும் ஒலித்தது. ஆஸ்திரேலியாவிலும் நன்றாகப் போனது. காலம்தான் காரணம் என்றால் இரண்டு இடத்திலும் தோற்றிருக்க வேண்டும். பாட்டு ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். தட்டு போய்ச் சேர்ந்த வழிதான் வேறு. தென்னாப்பிரிக்காவில் அது கைமாறிக் கைமாறி, கேசட்டுக்குக் கேசட் பதிவாகிப் பரவியது.

பன்யனின் ஆல்பத்துக்கும் அப்படி ஒரு வழி மெதுவாக உண்டாயிற்று. விற்காத தட்டு என்பதாலேயே அது அரிதானது. அரிதானதால் சேகரிப்பாளர்கள் தேடினார்கள். தேடியவர்களில் சிலர் உண்மையாகவே கேட்டார்கள், நண்பர்களுக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள். 1997 வாக்கில் பன்யன் வீட்டுக்குக் கணினி வந்தது. இணையத்தில் தம் பெயரைத் தேடிப் பார்த்தவர், யாரோ முன்பின் தெரியாதவர்கள் தம் ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். அதிலிருந்து தொடங்கிய முயற்சியில்தான், 2000-ல் ஸ்பின்னி என்ற மிகச் சிறிய நிறுவனம் அதைக் குறுந்தகடாக வெளியிட்டது. பெரிய நிறுவனம் எதுவும் முன்வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரப் பலகையும் கிடையாது. அமெரிக்காவில் அது வெளியாக 2004 ஆயிற்று.

இங்கே என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பன்யனின் குரல் மிக மெல்லியது. 'க்ளோ வார்ம்ஸ்' பாட்டில் மூச்சும் சொல்லும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வரி முடியும் இடத்தில் குரல் நிற்பதில்லை, தேய்ந்து போகும். இசைத்தட்டில் ஊசி பள்ளத்தில் உராயும்போது எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். நல்ல தட்டில்கூட மிக உரத்த ஒலிக்கும் அந்த இரைச்சலுக்கும் இடையே 60 முதல் 70 டெசிபல் இடைவெளிதான் கிடைக்கும். பலர் கைபட்டுக் கீறல் விழுந்த பிரதியில் இன்னும் குறையும். குறுந்தகட்டில் அந்த இடைவெளி கணக்குப்படி 96 டெசிபல். டிரம்ஸும் எலக்ட்ரிக் கிடாரும் முழங்கும் ஆல்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை, இரைச்சலை இசையே மூடிவிடும். ஆனால் இப்படிப்பட்ட குரலில், வரியின் கடைசி இரண்டு எழுத்துகள் இரைச்சலுக்குள் போகின்றனவா, வெளியே கேட்கின்றனவா என்பதில்தான் பாட்டே இருக்கிறது. 2000-க்குப் பிறகு பலர் அதை ஹெட்போனில், தனியாகக் கேட்டிருப்பார்கள். கூடத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க மூலையில் கிராமபோன் ஓடும் சூழலுக்கு இந்தக் குரல் ஏற்றதல்ல. வரவேற்பில் இதற்கு எத்தனை பங்கு என்று அளந்து சொல்ல எந்தக் கருவியும் இல்லை. பங்கு இருந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. மெல்லிய குரலில் பாடியவர்களின் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும்போதெல்லாம், அவர்களுடைய பிள்ளைகளே "இந்த வரி இப்படி முடிவது எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒலி தெளிவானதால் மட்டும் யாரும் கொண்டாடிவிட மாட்டார்கள். அதைக் கேட்கத் தயாராக ஒரு கூட்டம் இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தை உண்டாக்கியவர்கள் விமர்சகர்களைவிட இளைய பாடகர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2002-ல் பியானோ மேஜிக் குழுவின் ஆல்பத்தில் பன்யன் ஒரு பாட்டுப் பாடினார். முப்பது ஆண்டுக்கு மேலான மௌனத்துக்குப் பிறகு வந்த குரல் அது. அமெரிக்க இளம் பாடகர் டெவேந்திரா பன்ஹார்ட், தாம் பாடுவதைத் தொடரலாமா என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். 2004-ல் பன்ஹார்ட்டின் ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். 2005-ல் அனிமல் கலெக்டிவ் குழுவுடன் ஒரு சிறு வெளியீடு வந்தது. அந்த ஆண்டுகளில் கிடாரும் யாழும் மெல்லிய குரலுமாக ஒரு தலைமுறையே பாடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ரசிகர்கள், இவர்கள் யாரிடமிருந்து கற்றார்கள் என்று தேடிப் போனபோது பன்யனின் ஆல்பம் கடையில் இருந்தது. அதுதான் மறுவெளியீடு செய்த வேலை. 1990-ல் வெளியிட்டிருந்தால் இதே வரவேற்பு கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது என்றுதான் ஊகிக்கிறேன்.

குதிரை வண்டிக் கதைக்கு வருகிறேன். கதை உதவியது. மறுக்க முடியாது. அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதிய எவரும் வண்டியைச் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் கதை ஒருவரை முதல் தடவை கேட்க வைக்கும், பத்தாவது தடவை கேட்க வைக்காது. இதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு ஒன்று 2005-லேயே வந்தது. முதல் ஆல்பத்துக்கு 35 ஆண்டு கழித்து 'லுக்கஃப்டரிங்' என்ற இரண்டாவது ஆல்பத்தை ஃபேட்கேட் நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்பு இசையமைப்பாளர் மேக்ஸ் ரிக்டர். அதில் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் நிதானமான பாடல்கள். அதையும் ரசிகர்கள் அன்போடு ஏற்றுக்கொண்டார்கள். 2014-ல் 'ஹார்ட்லீப்' வந்தது. பெரும்பகுதியை அவரே வீட்டில் பதிவு செய்து தயாரித்தார், அதுவே தம் கடைசி ஆல்பம் என்றும் அறிவித்தார். கதை மட்டுமே முதலாக இருந்திருந்தால் 2005-லேயே வியாபாரம் முடிந்திருக்கும்.

கதையால் வந்த கெடுதலையும் சொல்ல வேண்டும். என்னை உறுத்துவது அதுதான். கேட்டவர்கள் பலர் அந்த ஆல்பத்தைக் கவலையற்ற ஒரு பொற்காலத்தின் சித்திரமாக எடுத்துக்கொண்டார்கள். 'டிமதி க்ரப்' என்ற பாட்டு குழந்தைப் பாட்டுப்போலவே ஒலிக்கும். அதன் பின்னால் இருப்பதோ, ஓர் ஓவியக் கல்லூரிக்குப் பின்புறக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இளைஞர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட கதை. பணமில்லாமல், மழையில், யாருக்கும் வேண்டாதவர்களாகப் போன பயணம் அது என்பதை 2022-ல் வெளியிட்ட தன்வரலாற்றில் பன்யனே விரிவாக எழுதியிருக்கிறார். தம்மை நாட்டார் பாடகி என்று அழைப்பதையும் அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. தாம் எழுதியவை பாப் பாடல்களே, வாசித்தவர்களின் கைவண்ணம்தான் அவற்றை நாட்டார் இசைப் பக்கம் திருப்பியது என்பது அவர் கருத்து. ஆனால் மறுவெளியீட்டுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த பட்டமோ "நாட்டார் இசையின் தாய்" என்பதுபோல இருந்தது. ரொட்ரிகஸுக்கும் இப்படித்தான் நடந்தது. அவரைப் பற்றி 2012-ல் வெளியாகி ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம், அவர் 1979-லேயே ஆஸ்திரேலியாவில் கச்சேரி செய்ததைச் சொல்லாமல் விட்டது. சொல்லியிருந்தால் காணாமல் போனவர் திரும்பி வந்த கதைக்கு அந்த அளவு வலு இருந்திருக்காது. மறுவெளியீடு வரவேற்கப்படும்போது ரசிகர்கள் கலைஞரை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை, தங்களுக்குத் தேவைப்படும் ஒரு மனிதரையும் கற்பித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் இது நேரலாம்.

இன்னொன்று. பன்யன், ரொட்ரிகஸ், நிக் டிரேக் என்று திரும்பத் திரும்ப நாம் சொல்வது மறதியிலிருந்து மீண்ட ஆல்பங்களுக்கு உரியவர்களின் பெயர்களை. மறுவெளியீடு ஆகியும் மறுபடி மூழ்கிய ஆல்பங்களை யாரும் பட்டியல் போடுவதில்லை. என் மேசையைக் கடந்து போன மறுவெளியீடுகளில் பெரும்பாலானவற்றை அந்தக் குடும்பமும் நண்பர்களும் கேட்டார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்காக அல்ல. "நல்ல பாட்டு என்றைக்காவது தன் ஆளைத் தேடிக்கொள்ளும்" என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பன்யனின் பாட்டுக்காக முகம் தெரியாத பலர் முப்பது ஆண்டுகள் நடந்திருக்கிறார்கள்.

உங்கள் ஆல்பத்தைத் திரும்ப வெளியிடலாமா? பாடல்களின் மேல் உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தால் வெளியிடலாம். ஆனால் நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அன்று ஆல்பம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை. உங்களைப் போல எழுதிப் பாடுகிறவர்கள் இன்று தமிழில் 8 ஆண்டுக்கு முன் இருந்ததைவிட அதிகம். அவர்களில் யாருடைய ரசிகர்கள் உங்கள் பாட்டையும் விரும்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பாடகர்களுக்கு முழு ஆல்பத்தையும் நேரடியாக அனுப்புங்கள். பொது அறிவிப்பைவிட அது பலன் தரும். "ஆண்டு நிறைவுப் பதிப்பு" என்ற பேச்சு இப்போதைக்கு வேண்டாம். முதல் பதிப்பை யாரும் அறியாதபோது ஆண்டு விழாவுக்குப் பொருள் இல்லை.

அதற்கு முன் பதிவுகளைக் காப்பாற்றுங்கள். ஆல்பத்தின் பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை இந்த வாரமே எடுத்துத் திறந்து பாருங்கள். பழைய செஷன் கோப்பு திறந்தாலும், அன்று பயன்படுத்திய பிளகின்கள் (ஒலியை மாற்ற உதவும் துணை மென்பொருள்கள்) இன்றைய கணினியில் இயங்காமல் போவது சர்வசாதாரணம். திறக்கிற கணினி கிடைத்ததும் குரல், கிடார், மிருதங்கம் என்று ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்கும் தனித்தனி வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக எடுத்து, இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் வையுங்கள். வீட்டில் எழுதிய சிடியை நம்பாதீர்கள், அதன் சாயப்படலம் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் கெடும். அடுத்தது உரிமை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, வெளியான ஆண்டுக்குப் பிந்தைய 60 ஆண்டுகளுக்கு உண்டு. செலவு செய்தவர் நீங்கள் என்பதால் அது பெரும்பாலும் உங்களுடையது. ஆனால் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துவோர் உரிமை உண்டு. வாய்வார்த்தையாக முடித்திருந்தால் இப்போதாவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் வழக்கறிஞர் இல்லை, அந்தத் தாளை ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. டிஜிட்டல் விநியோகம் செய்யும் நிறுவனத்தை மாற்றுவதாக இருந்தால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு தரப்பட்ட 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டை (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய தனி அடையாள எண்) மறக்காமல் குறித்து வைத்து, அதே பதிவுக்கு அதையே கொடுங்கள். புதுக் குறியீடு வாங்கினால் அந்த 200 பேர் கேட்ட கணக்குக்கூடத் தொடர்பற்றுப் போகும்.

ஒலியை மாற்றலாமா என்பதற்குப் பாட்டைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. குரல் மெல்லியதாக இருந்து, அன்று சத்தம் கூட்டுவதற்காக எல்லாவற்றையும் அழுத்தி மாஸ்டரிங் செய்திருந்தால், அதைத் தளர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். குரலைத் திரும்பப் பாடிச் சேர்க்கும் ஆசை வரும், அதை மட்டும் செய்யாதீர்கள். அது வேறு ஆல்பம் ஆகிவிடும். ஒரே ஒரு பாட்டின் தடங்களையும் அன்று வெளியிட்ட மாஸ்டரையும் சேர்த்து அனுப்புங்கள். மறு மாஸ்டரிங் போதுமா, தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கையே புதிதாகச் செய்ய வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.